தீப்பெட்டி, கோலம், கடைப் பலகை: கண்ணெதிரே இருக்கும் கலையிலிருந்து கற்பனைக்குத் தீனி தேடுவது எப்படி?

புத்தக அட்டை, திருமண அழைப்பிதழ், புதிய கடைக்கான சின்னம் என்று எதை வரைய உட்கார்ந்தாலும் பெரும்பாலோர் முதலில் இணையத்தில் படம் தேடுகிறார்கள். ஒரே சொல்லைத் தட்டினால் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே படங்கள்தான் வருகின்றன. அதனால்தான் திருநெல்வேலியில் அச்சான அழைப்பிதழிலும் திருப்பூரில் அச்சான அழைப்பிதழிலும் இன்று அதே வெளிறிய ரோஜாக்களும் அதே தங்கக் கோடும் காணப்படுகின்றன.

தேடுபவர் வீட்டு வாசலிலேயே கோலம் இருக்கிறது. சமையலறையில் தீப்பெட்டி இருக்கிறது. தெருமுனையில் கையால் எழுதிய பலகை இருக்கிறது. சுவரில் மாதக் காலண்டர் தொங்குகிறது. இவை எல்லாம் வெகுமக்கள் கலை. ஆனால் இவற்றை அப்படியே வெட்டி ஒட்டினால் புதிதாக ஒன்றும் பிறக்காது. லாரியின் பின்பக்கத் தாமரையைக் காபிக் குவளையில் அச்சடித்தால், தாமரை போட்ட குவளை ஒன்று கிடைக்கும், அவ்வளவுதான். தோற்றத்தை விட்டுவிட்டு, அந்தத் தோற்றத்தைப் பிறப்பித்த காரணத்தைப் பிடிக்க வேண்டும் என்பதே என் உறுதியான எண்ணம். அதற்கான வழியைப் படிப்படியாகச் சொல்கிறேன். வரைகலை, துணி, பொட்டல வடிவமைப்பு, ஓவியம் என எந்தத் துறையில் இருப்பவருக்கும் இது உதவும்.

படி 1: ஒரே ஒரு பொருளைத் தேர்ந்தெடுங்கள்

"தமிழ்க் கலை" என்று தொடங்கினால் எங்கும் போய்ச் சேர முடியாது. தீப்பெட்டி லேபிள், காலண்டர் படம், கடைப் பலகை எழுத்து, சிக்குக் கோலம், ஆத்தங்குடித் தரைக்கல், மதுரைச் சுங்குடி, சுவரொட்டி இவற்றில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதமாவது அதைவிட்டு அகலாதீர்கள். ஒரே வகையில் ஐம்பது மாதிரிகளை அருகருகே வைத்துப் பார்க்கும்போதுதான் எது வழக்கம், எது ஒரு தனி ஆளின் குறும்பு என்று பிரித்தறிய முடியும். ஐம்பது வகையில் ஒவ்வொரு மாதிரி பார்த்தால் வியப்பு மட்டுமே மிஞ்சும்.

தேர்வில் ஓர் அறிவுரை: உங்களுக்கு உண்மையிலேயே பிடித்ததை எடுங்கள். இப்போது எல்லோரும் பேசுவதை எடுக்காதீர்கள்.

படி 2: ஓட்டை வெட்டிய அட்டையோடு வெளியே போங்கள்

லாஸ் ஏஞ்சல்ஸில் இம்மாகுலேட் ஹார்ட் கல்லூரியில் கலை கற்பித்த கன்னியாஸ்திரி கொரிட்டா கென்ட் தம் மாணவிகளுக்கு ஓர் எளிய கருவியைக் கொடுத்தார். நடுவில் சிறு செவ்வகம் வெட்டிய அட்டை, அவ்வளவுதான். அதைக் கண்முன் பிடித்துக்கொண்டு பெட்ரோல் நிலையத்தையும் கார் கழுவும் இடத்தையும் பார்க்கச் சொல்வார். சட்டத்துக்குள் அகப்படும் துண்டில் அது கார் என்றோ விளம்பரப் பலகை என்றோ தெரியாது. நிறம், கோடு, இடைவெளி ஆகியவை மட்டுமே தெரியும். பெயர் தெரியாதபோதுதான் கண் வேலை செய்யத் தொடங்குகிறது.

1962-ல் அதே நகரின் ஃபெரஸ் காட்சிக்கூடத்தில் அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹோல் சூப் டப்பாக்களை 32 ஓவியங்களாக வைத்திருந்தார். கொரிட்டா அதைப் பார்த்தார். அதே ஆண்டில், கடையில் விற்கும் ரொட்டியின் உறையில் இருந்த வண்ணப் புள்ளிகளை எடுத்துத் தம் சில்க்ஸ்கிரீன் (துணித்திரை வழியே மை இடும்) அச்சில் பெரிய வட்டங்களாக்கினார். தேவாலயத்தில் பகிரப்படும் அப்பமும் வட்டம்தான். வார்ஹோல் டப்பாவை டப்பாவாகவே நிறுத்தினார். கொரிட்டா ரொட்டி உறைக்குள் தம் நம்பிக்கையைக் கண்டார். இருவருக்கும் ஊற்று ஒன்றுதான், மளிகைக் கடை. கலை வேறாக வந்ததற்குக் காரணம், ஒவ்வொருவரும் அந்தக் கடைக்குள் என்ன கேள்வியோடு போனார்கள் என்பது. இந்த இடத்தை நன்றாக மனத்தில் வையுங்கள். வெகுமக்கள் கலை உங்களுக்குப் பொருளைத்தான் தரும், கேள்வியை நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும்.

அட்டையை நீங்களே செய்துகொள்ளலாம். அஞ்சலட்டை அளவு கெட்டி அட்டையில் 24 க்கு 36 மில்லிமீட்டர் செவ்வகம் வெட்டுங்கள். பழைய 35 மில்லிமீட்டர் படச்சுருளின் ஒரு சட்டத்தின் அளவு அது. பிறகு ஒரு கடைத்தெருவுக்குப் போங்கள். சென்னையில் இருந்தால் பாரிமுனையும், காகிதக் கடைகளும் அழைப்பிதழ்க் கடைகளும் நெருக்கியடித்திருக்கும் ஆண்டர்சன் தெருவும் போதும். ஓரிடத்தில் நின்று, சட்டத்தைக் கண்ணுக்கு அருகிலும் தொலைவிலும் நகர்த்திப் பாருங்கள். பிடித்த துண்டைச் சிறு குறிப்பேட்டில் பென்சிலால் வரையுங்கள். செல்பேசியில் படம் எடுப்பது பிறகு. முதலில் படம் எடுத்துவிட்டால் பார்த்தாகிவிட்டது என்று மனம் நம்பிவிடும்.

கடைப் பலகை எழுத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள் கொஞ்சம் கூடுதலாகவே அங்கே நிற்க வேண்டும். தமிழ்ப் பெயர்ப் பலகை வரைபவர் சந்திக்கும் முதல் சிக்கல் அகலம். "பாத்திரக் கடை", "மருந்தகம்", "பேக்கரி" எல்லாம் நீளமான சொற்கள். கொம்பும் துணைக்காலும் சேர்ந்த எழுத்து ஒன்று வந்தால் மூன்று எழுத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அதற்கு அவர் காணும் தீர்வுகளைக் கவனியுங்கள். கொம்பை ஒல்லியாக்குவார், துணைக்காலை அடுத்த எழுத்தின் மேல் சாய்ப்பார், மெய்யெழுத்தின் புள்ளியைச் சிறு நட்சத்திரமாக்கி வெற்றிடத்தை நிரப்புவார். ழகரத்தின் வாலை நீட்டிச் சொல் முழுவதற்கும் அடிக்கோடாக்கும் துணிச்சலும் சிலருக்கு உண்டு. கணினி எழுத்துருவில் இந்தத் தீர்வுகள் எதுவும் கிடைக்காது. ஒரு பலகையில் ஒரு சொல்லுக்காக மட்டும் பிறந்தவை அவை.

பலகையின் வயதையும் எழுத்தே காட்டிக்கொடுக்கும். 1978-ல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது. அதற்கு முன் லை, னை, ணை, ளை ஆகியவற்றின் முன்னால் வளைந்த துதிக்கை போன்ற கொம்பு இருந்தது. அந்த வடிவம் இன்னும் நிற்கும் பலகையைக் கண்டால், பெரும்பாலும் அது பழைய பலகையாக இருக்கும்; இல்லையென்றால் பழைய கையால் எழுதப்பட்டதாக இருக்கும். இரண்டுமே வரைந்துகொள்ள வேண்டியவை.

படி 3: "இது எப்படிச் செய்யப்பட்டது?" என்று கேளுங்கள்

இந்த வழிகாட்டியின் இதயம் இதுதான். ஒரு பொருளின் அழகில் பாதிக்கு மேல் அதைச் செய்த முறையிலிருந்தே வருகிறது.

தீப்பெட்டி லேபிளை எடுத்துக்கொள்வோம். சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று ஊர் திரும்பினார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்கு அச்சகம் வேண்டும். அப்படித்தான் அந்த வறண்ட ஊரில் அச்சுத் தொழில் வேர்விட்டது. லேபிளின் அளவோ மிகச் சிறியது. ஒவ்வொரு நிறத்துக்கும் தனியாக ஒருமுறை அச்சடிக்க வேண்டும் என்பதால் நிறம் கூடினால் செலவும் கூடும். வாங்குபவர்களில் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் ஏராளம். அவர்கள் பெயரைப் படித்துக் கேட்க மாட்டார்கள். படத்தைச் சொல்லிக் கேட்பார்கள்.

இந்த மூன்று நெருக்கடிகளும் சேர்ந்தே லேபிளின் முகத்தைச் செதுக்கின. நடுவில் ஒரே உருவம் இருக்கும்: புலி, மயில், கடிகாரம், சாவி என்று ஒரு சொல்லில் சொல்லக்கூடியது. நிழலோ நிறக்கலவையோ இல்லாத தட்டையான நிறங்கள், கனத்த கறுப்பு விளிம்பு, நாற்புறமும் சட்டம். இப்போது லேபிள் பாணி என்று இளம் வடிவமைப்பாளர்கள் விரும்புவது இந்த நெருக்கடிகளின் விளைவைத்தான். நெருக்கடியைப் புரிந்துகொண்டவருக்குப் புலியும் மயிலும் தேவையில்லை. செல்பேசித் திரையில் விரல்நுனி அளவே இருக்கும் செயலிச் சின்னமும் அதே நெருக்கடியில்தான் இருக்கிறது: சிறிய இடம், ஒரே பார்வை, ஒரே உருவம்.

காலண்டர் சாமிப் படங்களிலும் இதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். கோவில்பட்டியில் ஒரு தலைமுறை ஓவியர்களுக்கே ஆசானாக இருந்த கொண்டையராஜு (1898–1976) நாடகக் குழுவுக்குத் திரை வரைந்தவர். அவர் வழிவந்த படங்களில் தெய்வம் நேராக நம்மைப் பார்த்து நிற்கும். பின்னால் மலையும் ஆறும் ஒரு திரைபோல விரிந்திருக்கும். ஒளி முகத்தில் வந்து விழும். மேடையில் நின்று அரங்கத்தைப் பார்க்கும் நடிகரின் நிலை அது. இதை அறிந்த பிறகு காலண்டர் படத்தைப் பார்த்தால் சாமியைச் சுற்றி நாடகக் கொட்டகையே தெரியத் தொடங்கும்.

ஆத்தங்குடிக் கல்லின் பளபளப்பு கண்ணாடித் தட்டிலிருந்து வருகிறது. கண்ணாடியின் மேல் உலோக அச்சை வைத்து, நிறம் கலந்த சிமெண்டுக் குழம்பைக் கட்டம் கட்டமாக ஊற்றி, அச்சைத் தூக்கிவிட்டு, மேலே மணலும் சிமெண்டும் இட்டு, காய்ந்தபின் தண்ணீரில் ஊறவைக்கிறார்கள். கையால் ஊற்றுவதால் இரண்டு கற்கள் அச்சு அசலாக ஒன்றுபோல் இருப்பதில்லை. சுங்குடியில் துணியை முடிச்சிட்டுச் சாயத்தில் நனைக்கிறார்கள். முடிச்சுக்குள் சாயம் புகாத இடம் புள்ளியாகிறது. அந்தப் புள்ளி வரையப்பட்டது அல்ல, மறைக்கப்பட்டது. இந்த ஒரு செய்தி மட்டுமே ஒரு சுவரொட்டி முழுவதற்கும் போதுமான கருத்து.

படி 4: கையால் படியெடுங்கள்

படியெடுப்பது திருட்டு என்ற தயக்கம் பலருக்கு இருக்கிறது. கற்பதற்காகப் படியெடுப்பதை ஓவியர்கள் எக்காலத்திலும் செய்திருக்கிறார்கள். டச்சு ஓவியர் வின்சென்ட் வான்கோ பாரிஸில் இருந்தபோது ஜப்பானிய மரக்கட்டை அச்சுகளை நூற்றுக்கணக்கில் வாங்கிச் சேர்த்தார். அன்று அவை மலிவாகக் கிடைத்த வெகுமக்கள் படங்கள். 1887-ல், ஜப்பானிய ஓவியர் ஹிரோஷிகே 1857-ல் வெளியிட்ட இரண்டு படங்களை, பூத்த பிளம் மரத்தையும் மழையில் நனையும் பாலத்தையும், எண்ணெய் வண்ணத்தில் பெரிதாக வரைந்தார். பிளம் மரத்தின் கோடுகளை மெல்லிய தாளில் எடுத்து, கட்டமிட்டுப் பெரிதாக்கினார். நிறங்களை மூலத்தைவிட அழுத்தமாக்கினார். ஓரங்களில் வேறு அச்சுகளிலிருந்து எடுத்த ஜப்பானிய எழுத்துகளைச் சேர்த்தார்.

அடுத்த ஆண்டு அவர் தெற்கே ஆர்ல் நகருக்குப் போன பிறகு வரைந்த பெரும்பாலான படங்களில் கிமோனோவும் இல்லை, ஜப்பானிய எழுத்தும் இல்லை. முன்னால் குறுக்கே வெட்டும் மரக்கிளை, கனத்த விளிம்புக்கோடு, நிழலற்ற நிறப் பரப்பு ஆகியவை மட்டும் அவர் கையோடு வந்துவிட்டன. படியெடுத்ததன் பயன் அதுதான்.

நீங்கள் தேர்ந்த பொருளிலும் மூன்று முறை படியெடுங்கள். முதல் முறை பார்த்துப் பார்த்து, அப்படியே. இரண்டாம் முறை மூலத்தை மூடிவைத்து நினைவிலிருந்து. இங்கே நீங்கள் மறந்தவையும் மாற்றியவையும் முக்கியம். மறக்காமல் நின்றதுதான் அந்தப் பொருளின் எலும்பு. மூன்றாம் முறை, அதே முறையில் வேறு பொருள். காலண்டர் முருகன் நிற்கும் நிலையில் உங்கள் தெருவின் பூக்கார அம்மாவை வரையுங்கள். இதில் நகைப்பு வரக்கூடாது. அவரைத் தெய்வத்துக்குரிய கவனத்தோடு பார்க்க முடிகிறதா என்பதே சோதனை.

படி 5: விதியை வாக்கியமாக எழுதுங்கள்

1970-களில் தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணியும், ராணி சிரோமணியும், கமலா கிருத்திவாசனும் கோலத்தை ஒரு கணக்காகப் பார்த்தார்கள். வாசலில் பெண்கள் போடும் கோலங்களை விதிகளின் தொகுப்பாக எழுத முடியும் என்று காட்டும் ஆய்வுக் கட்டுரையை 1974-ல் வெளியிட்டார்கள். கணினி படங்களை எப்படி விவரிப்பது என்ற அறிவியல் கேள்விக்குக் கோலம் விடை சொல்ல உதவியது. மார்கழி அதிகாலையில் மாவும் கையுமாக உட்கார்ந்த பெண்களின் அறிவு அது என்பதை நாம் அழுத்திச் சொல்ல வேண்டும்.

நீங்களும் அதையே செய்யுங்கள், கணிதக் குறிகள் வேண்டாம். நான்கைந்து வாக்கியங்கள் போதும். சிக்குக் கோலத்துக்கு இப்படி எழுதலாம்: முதலில் புள்ளி, பிறகு கோடு. கோடு புள்ளியைச் சுற்றும், தொடாது. ஒவ்வொரு புள்ளியும் கோட்டுக்குள் அடைபட வேண்டும். கோடு தொடங்கிய இடத்துக்கே திரும்ப வேண்டும்.

விதி கையில் இருந்தால் அரிசி மாவும் வாசலும் இல்லாத இடத்திலும் கோலம் போடலாம். ஓர் எடுத்துக்காட்டு. மாப்பிள்ளைச் சம்பா, கறுப்புக் கவுனி போன்ற பாரம்பரிய நெல் விதைகளைப் பகிர்ந்துகொள்ளும் உழவர் குழு ஒன்று விதைப் பைக்கு வடிவமைப்பு கேட்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எளிதான விடை, பையின் மூலையில் கோலப் படம் போடுவது. விதியிலிருந்து வரும் விடை வேறு. புள்ளிகளின் இடத்தில் நெல்மணிகள். ஒரு வகைக்கு ஏழு மணி, இன்னொன்றுக்கு ஒன்பது. வகைக்கேற்ப எண்ணிக்கை மாறும். ஒரே கோடு எல்லா மணிகளையும் சுற்றி வந்து தொடங்கிய இடத்தில் முடிகிறது. விதை ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போய் அடுத்த பருவத்தில் திரும்பி வருவதை அந்தக் கோடு விளக்கமின்றியே சொல்லிவிடும். தீப்பெட்டி விதியையும் இதன் மேல் வையுங்கள்: இரண்டே நிறம், நாற்புறச் சட்டம், வளைவாகப் பெயர். செலவு குறைந்த பையிலும் அழுத்தமாக அச்சாகும். பார்ப்பவருக்குக் கோலமும் தீப்பெட்டியும் நினைவுக்கு வராமலே போகலாம். ஆனாலும் இது இந்த மண்ணில் பிறந்தது என்ற உணர்வு வரும்.

படி 6: பெரியவர்கள் எடுத்த விதத்தை ஒப்பிடுங்கள்

வங்க ஓவியர் ஜாமினி ராய் (1887–1972) கல்கத்தா கலைப் பள்ளியில் ஐரோப்பிய முறையில் பயின்று, உருவப்படங்கள் வரைந்து வாழ்ந்தவர். 1920-களில் அதைக் கைவிட்டு, காளிகாட் கோவில் வாசலில் யாத்ரீகர்களுக்கு மலிவாக விற்கப்பட்ட, பட்டுவா எனப்படும் வங்க நாட்டுப்புற ஓவியர்களின் படங்கள் பக்கம் திரும்பினார். ஒரே வீச்சில் இழுத்த வளைகோடும் சில நிறங்களும் அவருக்குப் போதுமானவை ஆயின. மண்ணிலும் கல்லிலும் கிடைக்கும் நிறங்களுக்கு மாறினார். எடுத்த மரபுக்குள்ளேயே குடியேறியவர் என்று அவரைச் சொல்லலாம்.

கே.சி.எஸ். பணிக்கர் (1911–1977) வேறு வழியில் போனார். சென்னைக் கலைக் கல்லூரியின் முதல்வராக இருந்தபோது, 1963 முதல் சொற்களையும் குறியீடுகளையும் கொண்டு ஒரு நீண்ட ஓவிய வரிசையைத் தொடங்கினார். ஜாதகக் கட்டங்கள், சோதிடக் குறிப்பு, மலையாள எழுத்தின் வளைவு ஆகிய எல்லாம் அவற்றில் தெரியும், ஆனால் படித்தால் பொருள் வராது. படிக்க வேண்டிய ஏட்டைப் பார்க்க வேண்டிய பரப்பாக மாற்றினார். 1966-ல் அவர் முன்நின்று தொடங்கிய சோழமண்டல ஓவியர் கிராமத்தில் ஓவியர்கள் பாட்டிக் (மெழுகிட்டுச் சாயமேற்றும்) துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்று, அந்த வருவாயில் தங்கள் ஓவியத்தைக் காத்துக்கொண்டார்கள். "கலை" ஒரு பக்கம், "அன்றாடம்" ஒரு பக்கம் என்று பிரித்துப் பேசுபவர்களுக்கு அந்தக் கிராமமே விடை.

என்னைக் கேட்டால் தொடக்கத்தில் பணிக்கர் வழியே பயிற்சிக்கு நல்லது. ராய் வழிக்கு ஒரு மரபோடு பல ஆண்டுகள் வாழும் பொறுமை வேண்டும்.

படி 7: உரிமையும் மரியாதையும்

இந்தியச் சட்டப்படி ஓவியத்தின் பதிப்புரிமை ஓவியர் வாழும் காலமும் அதன்பின் 60 ஆண்டுகளும் நீடிக்கும். 1906-ல் மறைந்த ரவிவர்மாவின் ஓவியங்கள் பொதுச்சொத்து. 1976-ல் மறைந்த கொண்டையராஜுவின் படங்கள் அப்படி அல்ல. தீப்பெட்டி லேபிள்களில் வணிகச் சின்ன உரிமை தனியாக இருக்கலாம். பழையது என்பதாலேயே எடுத்துவிடாதீர்கள். மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு உண்டு. எந்திரத்தில் புள்ளி அச்சடித்த துணியை அந்தப் பெயரில் விற்பது, இரவும் பகலும் முடிச்சிட்ட கைகளின் கூலியைப் பறிப்பதாகும்.

விதியை எடுப்பதில் இந்தச் சிக்கல்கள் பெரும்பாலும் எழுவதில்லை. ஆனால் சட்டம் அனுமதிப்பதோடு கடமை முடிவதில்லை. கையால் எழுதிய பலகைகளின் கீழ் மூலையில் வரைந்தவரின் பெயரும், பல நேரங்களில் தொலைபேசி எண்ணும் சிறியதாக இருக்கும். பிளெக்ஸ் வந்தபிறகு அவர்களில் பலருக்கு வேலை குறைந்துவிட்டது. அவருடைய எழுத்து உங்களுக்குப் பிடித்திருந்தால், அதைப்போலவே கணினியில் செய்வதற்கு முன் அவரை அழைத்து, உரிய கூலி பேசி, உங்கள் தலைப்பை அவரையே எழுதச் சொல்லுங்கள். அவர் எழுதும்போது பக்கத்தில் அமர்ந்து பார்ப்பது எந்தப் பயிலரங்கையும்விட மேலான பாடம். அச்சில் அவர் பெயரையும் போடுங்கள்.

படி 8: சேமிப்பும், போய்ப் பார்க்க வேண்டிய இடங்களும்

ஒரு பழைய அட்டைப்பெட்டியும் ஒரு குறிப்பேடும் போதும். ஒவ்வொரு மாதிரியின் பின்னும் மூன்று செய்திகள் எழுதுங்கள்: எங்கே கிடைத்தது, எப்போது, எப்படிச் செய்யப்பட்டது. மூன்றாவதற்கு விடை தெரியாவிட்டால் இடத்தைக் காலியாக விட்டு, தெரிந்த ஒருவரைத் தேடிப் போங்கள்.

பழைய அச்சுப் பொருள்களுக்குச் சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் முதன்மையானது. காரைக்குடிக்கு அருகே கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையா செட்டியார் நூல்களோடு நாடக நோட்டீசுகளையும் அழைப்பிதழ்களையும் சேர்த்துவைத்தார். அந்தச் சேகரிப்பின் மேல் 1994-ல் நூலகம் எழுந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலமும், முட்டுக்காட்டில் 1996-ல் திறக்கப்பட்ட, தென்னிந்திய மரபு வீடுகளையும் கைவினையையும் காட்டும் தட்சிணசித்திரா அருங்காட்சியகமும் இருப்பதால் இரண்டையும் ஒரே நாளில் பார்க்கலாம். ஆத்தங்குடியில் கல் வார்க்கும் பட்டறைகளில் பார்வையாளர்கள் நின்று பார்க்க விடுகிறார்கள். வேலை நடக்கும் முற்பகலில் போங்கள். அச்சைத் தூக்கும் நொடியில் நிறங்கள் ஒன்றையொன்று தொடும் விளிம்பைக் கவனியுங்கள். அனுமதி கேட்டுவிட்டுக் குறிப்பேட்டைத் திறங்கள்.